மேலே ஆள் இருக்கு

கோட்டியாபுரம் எங்கே இருக்கிறது என்று பஸ்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று ஒரு கண்டக்டர் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் வந்தும் படிப் பக்கம் போகாமல் உள்ளேயே நின்று, டெப்போவில் போய் இறங்கினார்கள். அவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற ஜனங்கள். அங்கே அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாரும் எடுத்துச் செலவழிக்காததால் எல்லார் தலையிலும் அது புத்தம்புதுசாக அப்படியே இருக்கிறது.

அந்த ஊரில் பந்தல் போடுகிற கூட்டம் ஒன்று இருந்தது. மேஸ்திரி நயினார் அண்ணாச்சி. அவருக்குக் கீழே இசக்கி, இசக்கியின் தங்கச்சி தங்கபுஷ்பத்தைக் கட்டிக்கொண்ட பிச்சைக்கனி, மற்றும் சில தடியர்கள். அண்ணாச்சி வைத்த சட்டம் அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. ஏணியில் ஒருத்தன் கால் வைத்தால் கீழே ஒருத்தன் பிடித்தாக வேண்டும். போனவன் இறங்குகிற வரைக்கும் இடியே விழுந்தாலும் கையை எடுக்கக் கூடாது. 'கட்டு' என்ற சொல் காதில் விழுந்தால் கட்ட வேண்டும், 'பிரி' என்று விழுந்தால் பிரிக்க வேண்டும். ஏன், எதற்கு, யார் வீடு என்று கேட்கிறவன் பந்தல்காரனே கிடையாது.

இந்தச் சட்டத்தால் யாருக்கு லாபமோ, தங்கபுஷ்பத்துக்கு நஷ்டம்தான். வைகாசி, ஆனி என்று ஊரெல்லாம் கல்யாணமாக நடக்கும். ஊரான் வீட்டுப் புதுமாப்பிள்ளைகளுக்கெல்லாம் பந்தல் போட்டுவிட்டு இவள் வீட்டு மாப்பிள்ளை சாக்கு மாதிரி வந்து விழுவான். விழுந்த மறுநிமிஷம் குறட்டை. அதனால் வருஷம் பூரா அவள் ஆடிக்குத்தான் காத்திருப்பாள். ஆடியில் கல்யாணம் இல்லை, பந்தல் இல்லை, பிச்சைக்கனி வீட்டில் இருப்பான்.

இந்த வருஷம் ஆனி பாதியிலேயே அவளுக்குப் பொறுக்கவில்லை. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து செல்போனில் எதையோ பார்த்தார்கள். அதில் ஆம்பளை நிற்கிறான், பொம்பளை அவன் இடுப்பைக் காலால் வளைத்துக்கொண்டு தொங்குகிறாள், ரெண்டு பேரும் நோகாமல் சிரிக்கிறார்கள். "இது என்ன பெரிய காரியம்? தெனமும் நான் தூக்குத கம்பை விட நீயா கனம்?" என்றான் பிச்சைக்கனி. தங்கபுஷ்பம் வெட்கப்பட்டுக்கொண்டே தொங்கினாள். அவன் எண்ணெய் சிந்தின இடத்தில் காலை வைத்தான். அவள் பீரோவில் மண்டையை இடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அவன் குனிந்தது குனிந்தபடி நின்றுவிட்டான்.

இசக்கியும் கூட்டமும் ஓடி வந்து, ஒரு பலகையில் அவனை அப்படியே தூக்கி வைத்து, பக்கத்து டவுனில் இருந்த டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. நடந்ததைத் தங்கபுஷ்பம் சொல்லச் சொல்ல, உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். திரையை இழுத்து மூடினார். திரைக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கால்கள் தெரிந்ததை அவர் கவனிக்கவில்லை. தூக்கி வந்த சரக்கை எப்படி இறக்குவது என்று தெரிந்துகொள்ளாமல் பந்தல்காரன் நகரலாமா?

"ஆசைப்பட்டதுல தப்பே இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்தா எப்படி வேணும்னாலும் இருக்கலாம். ஆனா திடுதிப்புன்னு தூக்கக் கூடாது. முதல்ல கை காலை நீட்டி மடக்கி உடம்பைத் தயார் பண்ணுங்க. வழுக்காத தரை வேணும். பிடிச்சுக்க உறுதியா ஏதாவது வேணும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் தலையணை கொடுங்க. கூச்சப்படாம பேசணும். வலிக்குதா, சரியா இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். நிறுத்தறதுக்குன்னு ஒரு சொல் வச்சுக்குங்க. அது காதுல விழுந்தா யாரா இருந்தாலும் அந்த நொடியே கையில இருக்கறதை விட்டுடணும். முதுகு சரியாகட்டும், அப்புறம் மெதுவா முயற்சி பண்ணுங்க."

இதை விடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. டாக்டரம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை.

வரும் வழியில் நயினார் அண்ணாச்சி முகத்தை ரொம்ப கனமாக வைத்துக்கொண்டு வந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"வே பிச்சைக்கனி, டாக்டரம்மா சொன்னது பூராவும் நம்ம தொழில். உறுதியான பிடிமானம், வழுக்காத தரை, முட்டு. இதை வுட்டுட்டு நீ ஏன்வே தனியாப் போயி மாட்டிக்கிட்ட?"

"தப்புத்தான் அண்ணாச்சி" என்றான் பலகையில் குனிந்திருந்த பிச்சைக்கனி.

வீட்டுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் புருஷன் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டாள். "அத்தான், ஆடி பொறக்கதுக்கு முன்னால ஒரு தடவை ஒழுங்கா செஞ்சு பாத்துருவோம். சரியா வந்தா ஆடி மாசம் பூரா நம்ம மாசம். இன்னொரு தடவை முதுகு பிடிச்சுதோ, நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடுதேன், நீங்க இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடுங்க. கிழடு தட்டுத வரைக்கும் அப்படியே இருந்துட்டுப் போவோம்."

பிச்சைக்கனி ஒத்தடத் துணியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே முதுகில் வைத்து அழுத்திக்கொண்டான். அவளும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்படியில் போய் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை. கடைசி முகூர்த்தமும் முடிந்து கம்பும் கீற்றும் பிச்சைக்கனி வீட்டு வாசலில் வந்து இறங்கியிருந்தன. காலையிலேயே வேலை ஆரம்பித்தாயிற்று. அவர்கள் படுக்கிற அறை, பிச்சைக்கனியே வீட்டோடு சேர்த்துக் கட்டினது. கீற்றுக் கூரை, தட்டிச் சுவர். அதற்குள் குழி தோண்டி, நாலு மூலைக்கும் சவுக்குக் கம்பு நட்டார்கள். கம்பு உயரமாக இருந்தது. அறுக்கலாமா என்று இசக்கி கேட்டான். வாடகைக் கம்பை அறுக்கிறதாவது என்று அண்ணாச்சி அதட்டினார். ஆகவே கூரையைப் பொத்துக்கொண்டு கம்பு நாலும் வெளியே நின்றன. குறுக்கே ஒரு கம்பு போட்டு, அதைக் கூரையோடு சேர்த்து இழுத்துக் கட்டினார்கள். யானையைத் தொங்கவிட்டாலும் அசையாது.

தலையணைக்குத் தங்கபுஷ்பமே தெருவில் வீடு வீடாகப் போனாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் விவரமாக எடுத்துச் சொன்னாள். கூச்சப்படாமல் பேச வேண்டும் என்றுதானே டாக்டரம்மா சொன்னது? அவள் ஒரு வீட்டிலும் கூச்சப்படவில்லை. தெருவே இரவல் கொடுத்த தலையணைகள் அறையில் இடுப்பளவுக்கு நிரம்பின. தரை இருக்கிற இடமே தெரியாதபோது எங்கே வழுக்குவது?

"எடுத்த எடுப்புல புள்ளையத் தொங்கவிடப்பிடாது" என்றார் அண்ணாச்சி. "முதல்ல பாரம் வச்சுப் பாக்கணும்."

தங்கபுஷ்பத்தின் கனத்துக்கு ஒரு அரிசி மூட்டை வந்தது. குறுக்குக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, பிச்சைக்கனியை அணைக்கச் சொன்னார்கள். அவன் மூட்டையைப் பூப்போல அணைத்தான். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து, "வலிக்குதா? சரியா இருக்கா?" என்று மூட்டையின் காதோரம் என்று அவன் நினைத்த இடத்தில் கேட்டான். மூட்டை பதில் சொல்லவில்லை.

"பதில் வரலியே அண்ணாச்சி."

"கூச்சப்படுது. நீ மறுபடி கேளு."

வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் அத்தான், எங்கிட்ட ஒருநாளாவது இப்படிக் கேட்டிருக்கீயளா? அந்த மூட்டையையே வச்சுக் குடும்பம் நடத்துங்க, நான் போறேன்!"

"அப்புறம் உனக்கு வலிக்கப்பிடாதேன்னுதானே புள்ள இதுகிட்ட கேட்டுப் பழகுதேன்" என்றான் பிச்சைக்கனி. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. மூட்டையை அவளே அவிழ்த்து இறக்கினாள்.

அடுத்து, நிறுத்துகிற சொல். சபை கூடியது.

"'ஐயோ'ன்னு வச்சுக்கிட்டா?" என்றான் இசக்கி.

"அது வலிச்சாத்தானே வரும்? வலிக்குமுன்ன நிறுத்தணும்லா" என்றார் அண்ணாச்சி.

"'நிறுத்து'ன்னே வச்சுக்கிட்டா?" என்றான் பிச்சைக்கனி.

"எவனாவது ரோட்ல ஆட்டோவை நிறுத்துவான். நீ இங்க நிறுத்திக்கிட்டு நிப்ப."

தங்கபுஷ்பம் யோசித்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் தூக்கத்தில்கூடச் சட்டென்று எழுந்து கீழ்ப்படிகிற சொல்தான் அவளுக்கு நினைவு வந்தது. "'பிரி'ன்னு வச்சுக்கிடுவோமா?"

எல்லோரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள். இவ்வளவு புத்தி உள்ள பெண்ணை இத்தனை நாள் அடுப்படியில் வைத்திருந்தோமே என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார்.

கடைசியாக ஒரு சிக்கல். மேலே ஆள் ஏறினால் கீழே ஆள் நிற்க வேண்டுமே! ஆனால் புருஷன் பொண்டாட்டி காரியத்தில் கூட்டம் நிற்பது அழகா? கோட்டியாபுரத்துக்காரர்களுக்கு நாகரிகம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் அறைக்கு வெளியே, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது என்று முடிவாயிற்று. இசக்கி உடன்பிறந்தவன், அவன் காதில் எதுவும் விழக் கூடாது. அவன் மட்டும் ரெண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, சத்தம் வந்தால் கேட்பதற்காகத் தயாராக நின்றான்.

மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, தங்கபுஷ்பம் கதவைச் சாத்தினாள்.

ரெண்டு பேரும் கையைக் காலை நீட்டி மடக்கினார்கள். சேலை வேட்டியெல்லாம் ஒழுங்காக மடித்து வைத்தார்கள். அவள் குறுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு அவன் இடுப்பை வளைத்தாள். தலையணைக் குவியல் கீழே மெத்தென்று தாங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், ரொம்ப சுகமாகத்தான் இருந்தது. செல்போனில் பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பு எதனால் என்று தங்கபுஷ்பத்துக்கு லேசாகப் புரிபடத் தொடங்கியது.

"வலிக்குதா?"

"இல்ல அத்தான்."

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"வலிக்குதா?"

"உங்க கேள்விதான் வலிக்கு. சும்மா இருங்களேன்!"

அந்த நேரம் பார்த்து அவள் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிப் பிடித்தது. பெரிய வலி இல்லை. காலை நீட்டினால் சரியாகிவிடும். ஆனால் ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறதே! வாயைத் திறந்து முறைப்படி சொன்னாள். "பிரி!"

பிச்சைக்கனி அந்த நொடியே கையில் இருந்ததை விட்டுவிட்டான். கையில் இருந்தது தங்கபுஷ்பம். அவளும் தன் கையில் இருந்த கம்பை விட்டிருந்தாள். அவள் தலையணைக்குள் பொத்தென்று விழுந்து காணாமல் போனாள்.

வெளியே அண்ணாச்சி காதில் சொல் விழுந்தது. இசக்கி தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். யாருக்காக நிற்கிறோம், எதற்காக நிற்கிறோம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. ஒருத்தன் முடிச்சை அவிழ்த்தான், ஒருத்தன் கீற்றை உருவினான், இசக்கி தட்டியைச் சுருட்டினான். மற்ற ஊர் ஆட்களுக்கு அரை நாள் ஆகிற வேலை. இவர்கள் கைதேர்ந்தவர்கள். தங்கபுஷ்பம் தலையணைகளுக்குள்ளிருந்து முகத்தை வெளியே நீட்டியபோது மேலே வானம் தெரிந்தது. ஒரு காக்காய் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது. தெருவே நின்று பார்த்தது. அவரவர் தலையணை எங்கே இருக்கிறது என்று தேடினார்கள்.

பிச்சைக்கனி கழுத்தளவு தலையணைக்குள் இறங்கிக்கொண்டு அலறினான். "அண்ணாச்சி! கட்டுங்க! சீக்கிரம் கட்டுங்க!"

கட்டினார்கள். ஆனி பூரா கை பழகியது கல்யாணப் பந்தல்தானே? அதையே கட்டினார்கள். சவுக்கு நட்டு, கலர்த் துணி விரித்து, வாசலில் குலை தள்ளிய வாழை நிறுத்தி, தோரணம் தொங்கவிட்டு, நாற்காலி வரிசை போட்டு, மைக் செட்டும் வைத்துவிட்டார்கள். தங்கபுஷ்பமும் பிச்சைக்கனியும் நடுவில் கலர்த் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பந்தலைப் பார்த்தால் கோட்டியாபுரத்து ஜனம் சும்மா போகுமா? போட்டது போட்டபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பொண்ணு மாப்பிள்ளை நடுவில் இருக்கிறது. மேளம்தான் இல்லை. தெருக்கோடி மேளக்காரரை எழுப்பிக் கூட்டி வந்தார்கள்.

"நமக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆயிட்டே?" என்று தங்கபுஷ்பம் புருஷன் காதில் கேட்டாள்.

"ஆயிட்டுதான். ஆனா பந்தல் போட்டாச்சே புள்ள" என்றான் பிச்சைக்கனி.

அவள் கலர்த் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மஞ்சள் கிழங்கு கட்டின கயிறு வந்தது. பிச்சைக்கனி கட்டினான். பாரம் பார்த்த அரிசி மூட்டையைப் பிரித்து அட்சதை போட்டது போக, மிச்சத்தைப் பொங்கி எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள்.

இலை எடுத்து முடிந்தபோது இசக்கி காதுப் பஞ்சை எடுத்துவிட்டு வந்து நின்றான். முகம் வாடியிருந்தது. "மாப்ள, நாளைக்கு ஆடி ஒண்ணு. புதுப்பொண்ணு ஆடியில மாப்பிள்ளை வீட்ல இருக்கப்பிடாது. தங்கச்சியைக் கூட்டிட்டு வரச் சொல்லி அம்மா ஆள் அனுப்பியிருக்காக."

சபையே தலையை ஆட்டியது. முறை என்றால் முறைதானே? பிச்சைக்கனியும் தலையை ஆட்டினான். வருஷம் பூரா காத்திருந்து, பந்தல் போட்டு, தாலி கட்டி, ஆடியை இப்படித் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டானே பாவி! தங்கபுஷ்பம் வண்டியில் ஏறி அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் அம்மா வீடு அடுத்த தெரு.

ஒரு வாரத்துக்குப் பிச்சைக்கனி தூணைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அதுவும் பதில் சொல்லவில்லை. ஒரு மத்தியானம், அதற்கு மேல் முடியாமல், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குக் கிளம்பினான். மாமியார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மாடி ஜன்னலில் தங்கபுஷ்பம். வாசலில் இசக்கி காவல்.

"வாசல் வழியா உன்னைய விடப்பிடாதுன்னு அம்மா சொல்லியிருக்காக மாப்ள. போயிரு."

"வாசல் வழியா யாரு மச்சான் வாரா?" என்று ஏணியை ஜன்னலுக்குச் சாத்தினான் பிச்சைக்கனி.

"ஏறாத மாப்ள! சொல்லுதேன், கேளு! ஏறாத!"

பிச்சைக்கனி முதல் கட்டையில் காலை வைத்தான். "ஏறாத" என்று சொல்லிக்கொண்டே இசக்கியின் கை ரெண்டும் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டன. "இது கொஞ்சமும் சரியில்ல மாப்ள, ஆமா சொல்லிட்டேன்… இடது காலைப் பாத்து வையி, அந்தக் கட்டை ஆடும்."

மாடியில் தங்கபுஷ்பம் முதலில் கேட்டது இதுதான். "கம்பு, கயிறு எதாவது கொண்டாந்தீயளா?"

"ஒண்ணும் இல்ல புள்ள. வெறுங்கை."

"இப்பத்தான் உருப்பட்டீய" என்று அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

அங்கே இருந்தது ஒரு கோரைப் பாய், ரெண்டு தலையணை, சாய்ந்துகொள்ள ஒரு சுவர். மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள். அவன் ஒரே ஒரு தடவை கேட்டான். அவள் ஒரே ஒரு தடவை பதில் சொன்னாள். இந்தத் தடவை புதுச் சொல் ஒன்று வைத்துக்கொண்டார்கள். அது என்ன என்று நமக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டிய அவசியமே அங்கே வரவில்லை. ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பு மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மாமியார் எழுந்து வந்து பார்த்தாள். "எலே, ஏணியைப் பிடிச்சுக்கிட்டு என்னல செய்யுத?"

"மேல ஆள் இருக்கும்மா."

"யாரு?"

"மாப்ள."

அவளும் கோட்டியாபுரத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே? பதறிப்போய்விட்டாள். "கையை எடுத்துராதலே! எம் மருமகன் விழுந்துரப் போறாரு!" என்று உள்ளே ஓடி, சோற்றைப் பிசைந்துகொண்டு வந்து மகனுக்கு ஊட்டினாள்.

பிச்சைக்கனி மிச்ச ஆடி பூராவும் கீழே வரவில்லை. இசக்கி மிச்ச ஆடி பூராவும் ஏணியை விடவில்லை. ஆடிக் காற்று அடித்தது, அவன் அசையவில்லை. அண்ணாச்சி வந்து பார்த்து, இவனல்லவா தொழிலாளி என்று கண்கலங்கி, அவன் தலைக்கு மேலே சின்னதாக ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தார்.

ஆவணி பிறந்தது. தங்கபுஷ்பமும் பிச்சைக்கனியும் கையைக் கோத்துக்கொண்டு வீட்டுக்குள்ளே இருந்த மாடிப்படி வழியாக இறங்கி, மாமியாரிடம் சொல்லிக்கொண்டு, வாசலைத் தாண்டி வெளியே வந்தார்கள்.

"வாரோம் மச்சான்."

"போயிட்டு வாங்க மாப்ள. தங்கச்சி, பாத்துப் போ" என்றான் இசக்கி.

"கூட வாங்கண்ணே. இன்னும் எதுக்கு அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கீய?"

இசக்கி தங்கச்சியைப் பரிதாபமாகப் பார்த்தான். தொழில் தெரியாத பிள்ளையிடம் கோபப்பட்டு என்ன செய்ய?

"ஏணியில ஏறின ஆளு இன்னும் இறங்கலியே தாயி" என்று சொல்லிவிட்டு, ஏணியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.